ஐந்து மூட்டை இலவச மரத்தூள்

போன மாதம் என் மனைவியின் ஒன்பது கோழிகளில் நான்கை நான் கொன்றுவிட்டேன்.

தெரிந்து செய்யவில்லை. படித்துச் செய்தேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் பல்லைக் காட்டுவேன் — ரேஷன் க்யூ, மின்சார ரயில், என் வழுக்கை என்று ஏதாவது ஒரு சாக்கு. இந்த வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு வரவில்லை.

கோழிகள் கோமதியுடையவை. திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே, ஒரு பழைய கதவையும் கம்பி வலையையும் வைத்து அவளே கட்டிய கூண்டு. இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் தனம் என்ற பெண், மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெட்டைக் கோழியையும் நாலு குஞ்சுகளையும் கொடுத்து ஆரம்பித்து வைத்தாள். அதற்குப் பிறகு இருவரும் சிநேகிதிகள். கோழிகளுக்கும் எனக்கும் இருந்த உறவு ஆம்லெட்டோடு சரி. அப்படியே இருந்திருக்கலாம்…

கூண்டுத் தரைக்குக் கோமதி மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து போடுவாள். காலையில் எச்சத்தை வழித்து எடுப்பாள். அவ்வளவுதான் அவளுடைய முறை. வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏரியில் மனை போட்டு வீடு கட்டியவர்கள் நாங்கள். மழை வந்தால் தண்ணீர் தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்துவிடும். இந்த மழையில் கூண்டுத் தரை களியாகிவிட்டது. கோழிகள் சேற்றில் நின்றன. கிட்டப் போனால் கண்ணில் தண்ணீர் வரும்படி ஒரு நெடி.

"என்ன செய்யறதுன்னே தெரியலை" என்று கோமதி சொன்னாள். என்னிடம் இல்லை, பொதுவாகச் சொன்னாள்.

ஒரு புருஷன் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? பேப்பரைப் புரட்ட வேண்டும். நான் எழுந்துபோய் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தேன். பழைய புத்தகக் கடையில் எப்போதோ வாங்கிய கோழி வளர்ப்புக் கையேடு. அதை ஏன் வாங்கினேன் என்று கேட்காதீர்கள். என்னிடம் தேனீ வளர்ப்பும் இருக்கிறது.

கையேடு சொன்னது இதுதான்: தரையில் நாலு விரல் உயரத்துக்கு உலர்ந்த கூளம் பரப்புக. உமி, மரத்தூள், கடலைத் தோல், நறுக்கிய வைக்கோல் — எது கிடைக்கிறதோ அது. எச்சம் அதில் விழும். கோழி கிளறும். கூளம் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் அதிகமானால் மேலே இன்னும் கொஞ்சம் புதிதாகப் போடுக. இதற்கு ஆழ்கூள முறை என்று பெயர்.

எது கிடைக்கிறதோ அது! இதை எழுதிய புண்ணியவானை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்டவர்கள் பத்திரிகை ஆபீசுக்கு ஒரு கார்டு போடவும்.

எது கிடைத்தது என்கிறீர்கள்?

உமிக்காகப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குப் போனேன். மில்காரர் தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தார். "கோழிக்கா சார்? செங்கல் சூளைக்காரன் முன்னாடியே சொல்லி வெச்சிட்டு லோடு லோடா அள்ளிகினு பூட்றான். என் மேல ஒட்டிகினு கீறதுதான் பாக்கி. வோணும்னா தட்டிக்கோ."

வைக்கோலுக்குச் சேக்காட்டில் மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் போனேன். மாட்டுக்கே இல்லை என்று அழுதுவிட்டு ஒரு கட்டு கொடுத்தார். வெளியே காய்ந்திருந்தது. உள்ளே மழை இருந்தது. மூன்றாம் நாள் அதில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. கோமதி ஒரு வார்த்தை பேசாமல் அதை உரக்குழியில் கொண்டுபோய்ப் போட்டாள். அவள் பேசாமல் இருப்பதில் பல ரகம் உண்டு. அது மூன்றாம் ரகம்.

ஆற்று மணல் கேட்டேன். லோடாகத்தான் வருமாம். "மாடி எடுக்கறீங்களா சார்?" என்றார் மணல்காரர். "இல்லை, கோழிக்குப் படுக்கை" என்றேன். அவர் சிரித்து முடிக்கும்வரை அங்கே நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

கடைசியில் பூந்தமல்லியில் காதர் பாயின் மரப் பட்டறை. கட்டில், நாற்காலி செய்கிறவர். அவர்தான் விஷயம் தெரிந்த மனிதர்போலப் பேசினார். "தர்றேன் சார். ஆனா சனிக்கிழமை வாங்க. இப்ப பாலிஷ் வேலை ஓடுது, தூளெல்லாம் கலந்து கெடக்கு. அது ஆகாது. மரம் அறுக்கறப்போ தனியா புடிச்சு வெக்கறேன்."

சனிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாள்! விஞ்ஞானம் காத்திருக்குமா? நான் காத்திருக்கவில்லை.

மறுநாள் காலை மொபெட்டில் அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன். எஸ்டேட்டுக்குள் இடம் கிடைக்காத சின்னச் சின்ன ஷெட்கள் வெளியே வீடுகளுக்கு நடுவில் முளைத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு ஷெட். வாசலில் பெயிண்ட் உதிர்ந்த கேட். கேட்டுக்கு வெளியே சுவரோரமாக வரிசையாக மூட்டைகள். ஒரு மூட்டையின் வாய் பிரிந்து உள்ளே இருந்தது தெரிந்தது.

மரத்தூள்! பொடிப்பொடியாக, உலர்ந்து, கைக்கு வெதுவெதுப்பாக.

கதவுத் தாழ்ப்பாள், கைப்பிடிகளுக்கு முலாம் போட்டுப் பளபளப்பாக்கும் ஷெட் அது. அங்கே மரத்தூளுக்கு என்ன வேலை என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லித்தான் ஆகவேண்டும்.

முதலாளி வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். "சார்… நீங்க அந்தப் பத்தி எழுதறவர்தானே? போட்டோவுல பார்த்திருக்கேன். எங்க வீட்ல வாராவாரம் படிப்பாங்க சார்!"

முடிந்தது. அதற்குமேல் அந்த மனிதர் எனக்கு நெருப்பை அள்ளிக் கொடுத்திருந்தாலும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

"எடுத்துக்குங்க சார், எவ்வளவு வேணுமோ. சும்மாதான் வெக்கறோம். ஏழை பாழைங்க அடுப்புக்கு எடுத்துட்டுப் போவாங்க. நம்மளால ஆன உபகாரம்." ஐந்து மூட்டைகளை ட்ரைசைக்கிளில் ஏற்றி வீட்டுக்கே அனுப்பிவைத்தார். நான் மொபெட்டில் முன்னால் வந்தேன். சாமி ஊர்வலத்தில் நாயனக்காரர் வருவதுபோல.

கோமதி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "லேசா பச்சையா இருக்கே?"

"வேப்ப மரம்" என்றேன்.

வேப்ப மரத்தை அறுத்தால் பச்சையாகத் தூள் வரும் என்று நம்புவதற்கு ஒருவன் எவ்வளவு படித்திருக்க வேண்டும் பாருங்கள்! எங்கள் தெருவிலேயே எட்டு வேப்ப மரம் நிற்கிறது. போன வருஷம் ஒன்றை அறுத்தார்கள். அந்த மரத்தின் உள்ளே என்ன நிறம் என்று வேடிக்கை பார்த்த எல்லாருக்கும் தெரியும். நான் அன்று வீட்டுக்குள் படித்துக்கொண்டிருந்தேன். "வேம்புன்னா ரொம்ப விசேஷம். பேன் வராது, பூச்சி வராது" என்று கூடவே ஒரு பிரசங்கமும் செய்தேன்.

மூன்று மூட்டையைப் பரப்பினேன். நாலு விரல் உயரம். ஸ்கேல் வைத்து அளந்தேன். கோழிகள் அதில் இறங்கி, உடம்பைப் புதைத்து, சிறகைச் சிலுப்பிக்கொண்டு புழுதிக் குளியல் போட்டன. நெடி போய்விட்டது. தரை காய்ந்துவிட்டது. "பார்த்தாயா?" என்றேன். ஒரு நாளைக்குள் நாலு தடவை "பார்த்தாயா?" என்றேன்.

மூன்றாம் நாள் ஒரு கோழி மூலையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. அடுத்த நாள் மூன்று. தீனி எடுக்கவில்லை. கொண்டை கறுத்துக்கொண்டு வந்தது. நின்றால் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தன. சுடுகிற தரையில் நிற்பதுபோல.

"இந்தத் தூள் வந்ததிலேர்ந்துதான்" என்றாள் கோமதி.

"கழிச்சல் நோய். மழைக்காலத்தில் வரும். புத்தகத்தில் இருக்கிறது."

"வாரிக் கொட்டிடலாம்ங்க."

"தரை ஈரமா இருக்கிறதாலதான் நோய். இன்னும் கொஞ்சம் போடணும்."

போட்டேன். நாலாவது மூட்டையையும் பிரித்து அதுகளின் மேலேயே போட்டேன். கையேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது.

மறுநாள் காலை இரண்டு செத்துக் கிடந்தன. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு. கடைசியாகப் போனது தனம் முதலில் கொடுத்த அந்தப் பெட்டைக் கோழி. இந்த வரியை எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்துபோய் நின்றேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விஷயம் கேட்டுத் தனம் வந்தாள். முப்பது வயசிருக்கும். ஏதோ கம்பெனியில் வேலை என்று தெரியும். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று மூன்று வருஷத்தில் நான் கேட்டதில்லை. கோழியைப் பற்றியே நான் கேட்டதில்லை. கோழி கொடுத்தவளைப் பற்றியா கேட்டிருக்கப் போகிறேன்?

மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு கோழியைத் தூக்கி மடியில் மல்லாத்திப் போட்டாள். காலைப் பிடித்து விரல்களை விரித்துப் பார்த்தாள். சிரித்தாள்.

"இன்னா யக்கா, இதுங்க காலு என் கை மாரியே கீது!"

கையை நீட்டிக் காட்டினாள். விரல் இடுக்குகளில், கணுக்களின் மேல், ஆணியால் தோண்டினாற்போலச் சின்னச் சின்ன வட்டக் குழிகள். ஓரம் தடித்து, நடுவில் பள்ளமாக. கோழியின் கால் விரல் நடுவிலும் அதே. அச்சில் வார்த்தமாதிரி அதே.

சிரிப்பு பாதியில் நின்றது. குனிந்து தரையிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள்.

"இந்தத் தூளு எங்கேந்து சார் வந்துச்சு?"

சொன்னேன்.

"அது எங்க கம்பெனி சார்!"

அவள் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. தாழ்ப்பாள்களை ஏதோ ஒரு மஞ்சள் தண்ணியில் முக்கி எடுப்பார்களாம். "அது இன்னா தண்ணியோ, எங்களுக்கு சொல்ல மாட்டாங்கோ. ஈரத்தோட எட்த்தாந்து எங்க தொட்டில கொட்டுவாங்கோ. தூள்ல போட்டு பெரட்டிப் பெரட்டி, காய வெச்சி, தொடச்சிக் குடுக்கணும். ஆறு பொம்பளைங்க கீறோம். தூளு பச்சையா பூட்சின்னா மூட்டை கட்டி கேட்டாண்ட வெச்சிடுவாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா… எங்க தெருவுல எல்லா ஊட்லயும் தூளு அடுப்புதானே? எட்த்தாந்து அடைச்சி எரிப்போம். கண்ணு எரியும், தொண்டை கமறும். பொகைன்னா எரியாதா?"

உபகாரம்! ஏழை பாழைகளுக்கு உபகாரம்! கோழி நாலு நாள் நின்றால் சாகிற தூளை ஒரு தெருவே அடுப்பில் போட்டுச் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறது. கொட்ட இடமில்லாத விஷத்துக்கு ஒரு ஆள் தர்மம் என்று பேர் வைத்து வாசலில் அடுக்குகிறான். அதை வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் நான்.

"எத்தனை நாளா இந்தப் புண்?" என்று கோமதி கேட்டாள்.

"ரெண்டு வருசமா வரும், பூடும். மஞ்சா வெச்சிக்குவேன்."

கோமதி அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அது எத்தனையாவது ரகம் என்று எனக்குத் தெரியவில்லை. புதிது.

"நாளைக்கே போய்க் கேக்கறேன்" என்றேன்.

தனம் பதறிவிட்டாள். "சார், சார்… நீ கத்திட்டு வந்துடுவ. எட்டு மணிக்கு கேட்டாண்ட போயி நிக்கப் போறது நானு. எம் பேரை எடுக்காத சார். என் கையிப் பேச்சே பேசாத. கோழி செத்துச்சுன்னு மட்டும் கேளு."

சத்தியம் செய்து கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் வரை கோமதியும் தனமுமாகத் தூள் முழுவதையும் வாரி மூட்டை கட்டினார்கள். கையில் பாலிதீன் பை சுற்றிக்கொள்ளச் சொல்லிக் கோமதி அதட்டினாள். தரையை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்தார்கள். மிச்சமிருந்த ஐந்து கோழிகளின் கால்களையும் சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். நான் தண்ணீர் சேந்திக் கொடுத்தேன். அதற்குமேல் என்னை நம்ப அங்கே யாரும் தயாராக இல்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு. எச்சமும் இறகும் கலந்த தூள் மூட்டை ஒன்றை மொபெட்டில் கட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க வசனம் பேசிக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். காபி சொல்லட்டுமா என்றார். "என் நாலு கோழி செத்துப்போச்சு" என்றேன். "அடடா!" என்றார். உண்மையாகவே முகம் வாடியது. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஒரு அயோக்கியன் அயோக்கியனாகப் பேசினால் கோபப்படச் சௌகரியமாக இருக்கும். இவர் நல்லவராகப் பேசிக்கொண்டே இருந்தார்.

"நாலுதானே சார்? நாட்டுக் கோழியாவே எட்டு வாங்கி அனுப்பறேன்."

"கோழி வேண்டாம். அந்தத் தூளில் என்ன இருக்கு?"

"மரம் சார். மரத்தோட தூள். வேற என்ன இருக்கப் போவுது?"

"என் கோழிகளுக்குக் கால்ல குழி குழியாப் புண். கூளத்துல நின்னதுக்கு."

"கோழிக்குத் தோல் மெல்லிசு சார்."

அறைக் கதவு திறந்திருந்தது. அதன் வழியே உள்ளே பார்த்தேன். மரத்தாலான ஒரு பெரிய தொட்டி. அதைச் சுற்றி ஆறு பெண்கள். முழங்கை வரை தூளுக்குள் கையை விட்டுத் துழாவி, பளபளவென்று தாழ்ப்பாள்களை எடுத்துத் துடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் கையிலும் உறை இல்லை. தனம் இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை.

எனக்குச் சொல்ல இருந்தது ஒரே ஒரு விஷயம். அதைச் சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆகவே கோழியையே பேசினேன். "நாள் பூரா இதுல நின்னா கோழி கதி என்ன ஆகும்? வருஷக் கணக்கா நின்னா? அதுக்கு ஒரு கிளவுஸ் கூடக் கொடுக்காம நிக்க வெச்சா?"

அவர் என்னைக் கொஞ்சம் கவலையாகப் பார்த்தார். "கோழிக்கு எப்படி சார் கிளவுஸ் போட முடியும்?"

அப்போதுதான் அதைச் செய்தேன். மூட்டையின் கட்டை அவிழ்த்தேன். அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தேன். பச்சைத் தூள், எச்சம், இறகு எல்லாம் சேர்ந்து பாலிஷ் போட்ட அவருடைய மொசைக் தரையில் ஒரு குன்றாக விழுந்தது. நாற்றம் எழும்பியது. வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச் செயல் அது. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

முதலாளி கோபிக்கவில்லை. கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "யாரும்மா அங்க? ஒருத்தர் வந்து இதை எடுங்க."

துடைப்பத்தோடு வந்தது தனம்.

குந்தி உட்கார்ந்து பெருக்கினாள். துடைப்பத்துக்கு வராததைக் கையால் கூட்டி அள்ளினாள். வெறுங்கையால். நான் குனிந்து, "விடும்மா, நான் எடுக்கறேன்" என்றேன். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"நவுரு சார்."

அவ்வளவுதான் சொன்னாள்.

இருபது வருஷமாக எழுதுகிறேன். என் கோபத்தை வேறொருத்தி அள்ளிக்கொண்டு போவதை அன்றுதான் நேரில் நின்று பார்த்தேன். நாம் கத்துகிறோம், மேஜையைத் தட்டுகிறோம், எதையாவது கவிழ்க்கிறோம். மனசு லேசாகிறது. கவிழ்த்ததைப் பெருக்க ஒரு ஆள் எப்போதும் உள்ளேயிருந்து வருகிறாள். அவளுக்காகத்தான் கத்தினோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

கடைசியில் என்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். "நான் எழுதுவேன்" என்றேன், மெதுவாக.

இதற்கு மட்டும் அவர் முகம் மாறியது. நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. பேசினோம். இனிமேல் கேட்டுக்கு வெளியே மூட்டை வைக்க மாட்டேன் என்றார். தூளில் கை விடுகிற எல்லாருக்கும் ரப்பர் கிளவுஸ் வாங்கித் தருகிறேன் என்றார். "இந்த வாரத்துக்குள்ள சார். நம்பலாம்." வாசல் வரை வந்து வழியனுப்பினார். மொபெட்டை அவரே ஸ்டாண்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

சரி, கோழிகளுக்கு வருவோம்.

அடுத்த சனிக்கிழமை கோமதி தானே காதர் பாயிடம் போனாள். என்னைக் கூப்பிடவில்லை. பாய் சொன்னபடி வைத்திருந்தார். ரம்பத்தூள் ஒரு சாக்கு, இழைப்புளியில் வந்த சுருள் சீவல் இரண்டு சாக்கு. பாலிஷ் பட்டதை வேறொரு மூலையில் தனியாகக் கட்டிப் போட்டிருந்தார். "பொடித்தூள் ஜாஸ்தி போடாதீங்கம்மா, கோழி தீனின்னு நெனச்சுத் திங்கும். சீவலை மேலே போடுங்க" என்று சொல்லி அனுப்பினாராம். நாற்காலி செய்கிற மனிதர். கையேடு எதுவும் படித்தவர் அல்ல.

கோமதி அடியில் புதுச் செம்மண்ணை மேடாக்கிக் கொட்டி இறுக்கினாள். தண்ணீர் வெளியே வடிய ஒரு வாய்க்கால். அதன்மேல் காய்ந்த மணல். அதன்மேல் சீவல். ஐந்து கோழிகளும் அதில் நிற்கின்றன. புண் ஆறி வருகிறது. இரண்டு முட்டையிட ஆரம்பித்திருக்கின்றன. அந்த முட்டையை இப்போதைக்கு யாரும் சாப்பிடுவதில்லை. குழி தோண்டிப் புதைக்கிறாள்.

கோழி வளர்க்கிற வாசகர்களுக்கு என் ஒரே யோசனை. உமியா, தூளா, சீவலா, வைக்கோலா என்று பட்டிமன்றம் வைக்காதீர்கள். எதைப் போட்டாலும் ஒரு கேள்வி கேளுங்கள் — இது இங்கே வருவதற்கு முன்னால் எங்கே இருந்தது, என்ன வேலை பார்த்தது? இலவசமாக வருகிற எதற்கும் முன்பு ஒரு உத்தியோகம் இருந்திருக்கும். அதைச் சொல்ல மறுப்பவர் கொடுத்தால், பொன்னாக இருந்தாலும் கொல்லைக்குள் விடாதீர்கள்.

நாங்கள் வாரிய தூள் என்ன ஆயிற்று? கொல்லைக் கோடியில் பாலிதீன் போட்டு மூடி வைத்திருக்கிறேன். எங்கே கொட்டுவது? நகராட்சி ஆபீசில் கேட்டேன். "குப்பைத் தொட்டியில போடுங்க சார்" என்றார்கள், எல்லாம் தெரிந்த நிதானத்தோடு. அந்த ஷெட் வாசலில் இப்போது மூட்டைகள் இல்லை. வாக்கைக் காப்பாற்றிவிட்டார். ஆனால் ஏரிக்கரைப் பக்கம் போனபோது சரிவில் புதிதாகப் பச்சைத் திட்டு ஒன்றைப் பார்த்தேன். அது யாருடையது என்று எனக்குத் தெரியாது. தெருக்காரர்கள் எரிக்காவிட்டால் ஏரி குடிக்க வேண்டியதுதான் போலிருக்கிறது.

இதை எழுதலாமா என்று தனத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். பெயரையும் தாழ்ப்பாளையும் தெருவையும் மாற்றிவிட்டேன். இந்த மாதிரி ஷெட் எங்கள் பக்கம் ஒன்றிரண்டு அல்ல. இதைப் படித்துவிட்டு, நம்மைத்தான் எழுதியிருக்கிறானோ என்று பத்து முதலாளிகளுக்குச் சாப்பாடு இறங்காமல் போனால் எனக்குச் சந்தோஷம்.

போன ஞாயிறு தனம் வந்திருந்தாள். கோழிகளைப் பார்த்தாள். கோமதியோடு காபி குடித்தாள். நான் மெல்லக் கேட்டேன். கொஞ்சம் பெருமையோடுதான் கேட்டேன்.

"கிளவுஸ் வந்துதா?"

"வந்துச்சு சார். ஆறு ஜோடி. நல்லா மொழங்கை வரிக்கும் கீது."

"பரவாயில்லையே! போட்டுக்கறீங்களா?"

"பீரோவுல வெச்சி பூட்டிகினாரு. யாருனா பாக்க வந்தா எட்த்துக் குடுப்பாராம்." காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "நீ இன்னொரு தபா வர்றதா இருந்தா ஒரு நாள் முன்னாடியே சொல்லி அனுப்பு சார். போட்டுகினு குந்தறோம்."